சிறிய போர் (bore, குழலின் உள்ளளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி வாங்கப் போகிறீர்களா? குழலுக்கு அடியில் இருக்கும் எண்ணை முதலில் படியுங்கள்

நான் ஒரு பழைய .410 இரட்டைக்குழல் வாங்கினேன். பணம் கொடுத்த நாளுக்கும் அதை எடுத்து முதல் தடவை சுட்ட நாளுக்கும் நடுவில் ஐந்து மாதம் ஓடிவிட்டது. துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லை. என் லைசென்ஸில் ".410" என்று இருந்தது, குழலுக்கு அடியில் "36" என்று அடித்திருந்தது, அவ்வளவுதான். இரண்டும் ஒரே குழல் அளவின் பெயர்கள் என்பது எனக்கும் தெரியாது, பதிவு செய்ய உட்கார்ந்திருந்த அதிகாரிக்கும் தெரியாது. அவர் தாளையும் இரும்பையும் மாறி மாறிப் பார்த்தார், அப்புறம் இரண்டையும் என் பக்கம் தள்ளினார்.

அந்த ஐந்து மாதத்தில் கற்றதையும், அதன் பிறகு தோட்டா விஷயத்தில் பட்ட ஒரு அடியையும் சேர்த்து வரிசையாக எழுதுகிறேன். 20, 28, .410 இந்த மூன்றில் ஒன்றை முதல் தடவையாக வாங்கப் போகிறவர்களுக்கானது இது. 12 போர் வாங்குகிறவர்களுக்கும் பாதி பொருந்தும்.

1. எந்த போர் என்பதை எடையை வைத்து முடிவு செய்யுங்கள்

போர் எண் எப்படி வருகிறது என்பது ஒரு வரி விஷயம். குழலின் விட்டத்துக்குச் சரியாக உருண்டை ஈயக் குண்டு செய்தால் ஒரு பவுண்டுக்கு, அதாவது 453.6 கிராமுக்கு, எத்தனை குண்டு வருமோ அதுதான் எண். அதனால் எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும். 12 போரின் உள்விட்டம் ஏறக்குறைய 18.5 மிமீ, 20 போர் 15.6, 28 போர் 14. இந்தக் கணக்கில் சேராத ஒரே ஆள் .410. அது போர் எண் இல்லை, அங்குலத்தில் சொன்ன விட்டம், 10.4 மிமீ. ஐரோப்பாவில் பல நாடுகளில் இதையே 36 என்று அழைக்கிறார்கள், அடிக்கிறார்கள். ஒரு பவுண்டுக்கு எத்தனை குண்டு என்று கணக்குப் போட்டால் 36 வராது, 67 பக்கம் வரும். ஏன் 36 என்று யாரிடமும் கேட்டு மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள், எழுதி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்குகிறவர் பார்க்க வேண்டியது தோட்டாவுக்குள் எவ்வளவு ஈயம், சின்னச் சின்னக் குண்டுகளாக, போகிறது என்பதை. 12 போரில் வழக்கமாக 28 முதல் 36 கிராம். 20 போரில் 21 முதல் 28. 28 போரில் 21 கிராம்தான் இயல்பான அளவு. .410-ல் குட்டைத் தோட்டாவில் 14 கிராம், நீளத் தோட்டாவில் 18, 19 கிராம். 2.4 மிமீ குண்டு ஒன்று 0.08 கிராம் என்று வைத்துக்கொண்டால் 28 கிராமில் 350 குண்டு, 21 கிராமில் 260 சொச்சம், 14 கிராமில் 175.

இங்கேதான் பெரும்பாலோர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். சிறிய போர் "மெதுவாக அடிக்கும்", "பலம் குறைவு" என்பார்கள். ஒரே அளவுக் குண்டு ஒரே வேகத்தில் கிளம்பினால், அது 12-ல் இருந்து வந்ததா 28-ல் இருந்து வந்ததா என்று அந்தக் குண்டுக்குத் தெரியாது. வேகமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், நொடிக்கு 350 முதல் 400 மீட்டர் வரை. குறைவது எண்ணிக்கை மட்டுமே. தூரம் போகப் போகக் குண்டுகள் விரியும், 175 குண்டு விரிந்தால் நடுவில் ஓட்டை விழும், அந்த ஓட்டை வழியாக, குறிக்காக வீசும் களிமண் தட்டு முழுசாகத் தப்பிப் போகும். சிறிய போரின் எல்லை இதுதான்.

துப்பாக்கியின் எடைக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: ஈயத்தின் எடையை 96-ஆல் பெருக்கினால் வருவது துப்பாக்கியின் குறைந்தபட்ச எடை. 21 கிராமுக்கு 2 கிலோ, 28 கிராமுக்கு 2.7 கிலோ. இதற்குக் கீழே போனால் தோள் பேசும். 2.3 கிலோ 20 போரை வாங்கிவிட்டு அதில் 28 கிராம் தோட்டா போட்டுச் சுட்டவர் இரண்டாவது பெட்டியைத் திறக்க மாட்டார்.

2. எதற்கு உதவும், எதற்கு உதவாது

நாள் முழுக்கக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டிய இடம், பக்கத்திலிருந்து திடீரென்று எழுகிற சின்னப் பறவை (அனுமதிக்கப்பட்ட இனம், அனுமதிக்கப்பட்ட காலம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன்), 25 மீட்டருக்குள் பறக்கும் களிமண் தட்டு, இவற்றுக்கு 28 போர் மாதிரி இன்பமான கருவி இல்லை. ஸ்கீட் எனப்படும் களிமண் தட்டுப் போட்டிகளில் அமெரிக்க முறையில் 12, 20, 28, .410 என்று நான்குக்கும் தனித்தனிப் பிரிவே இருக்கிறது. களஞ்சியத்தைச் சுற்றி எலி, அதுவும் 15 மீட்டருக்குள் என்றால் .410 போதும்.

20 போர் நடுவில் நிற்கிறது. ஒரே ஒரு துப்பாக்கிதான் வைத்திருக்கப் போகிறேன், எல்லாவற்றுக்கும் ஓரளவு ஆக வேண்டும் என்றால் 20. யோசிக்காதீர்கள்.

உதவாதவை: 30 மீட்டருக்கு மேல் உயரத்தில் போகும் பெரிய வாத்து, பெரிய விலங்கு எதுவும். பெரிய குண்டுத் தோட்டாவும் ஒற்றைக் குண்டுத் தோட்டாவும் சிறிய போரிலும் கிடைக்கின்றன, கிடைப்பதாலேயே வாங்க வேண்டாம். இறுக்கமான சோக் (குழல் வாயில் இருக்கும் குறுக்கம்) உள்ள பழைய இரட்டைக்குழலில் ஒற்றைக் குண்டு போடுவது குழலோடு சூதாடுவது.

இன்னொன்று. "பையனுக்குக் கற்றுக்கொடுக்க .410 வாங்குகிறேன், அதிர்வு குறைவு" என்று சொல்லாத அப்பா கிடையாது. அதிர்வு குறைவுதான், ஆனால் 14 கிராம் ஈயத்தை வைத்துப் பறக்கும் தட்டை உடைப்பது கைதேர்ந்தவர்களுக்கே பாடு. புதிதாக வருகிறவர் பத்துச் சுட்டு ஒன்பது தவறினால் பதினோராவதுக்கு நிற்க மாட்டார். கற்றுக்கொள்கிறவர் கையில் எடை சற்றுக் கூடிய 20 போரையும் 21 கிராம் தோட்டாவையும் கொடுங்கள். .410 அனுபவசாலியின் பொம்மை. நான் இதைத் தெரியாமல்தான் வாங்கினேன், இப்போது தெரிந்தும் விற்க மனசில்லை, அது வேறு கதை.

3. லைசென்ஸ் முதலில், துப்பாக்கி அப்புறம்

எந்த நாட்டில் இருந்தாலும் வரிசை ஒன்றுதான். அனுமதி கையில் வரும்வரை முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். விற்பவர் "இன்னொருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்" என்பார். கேட்கட்டும்.

விண்ணப்பத்தில் "போர்" அல்லது "காலிபர்" என்ற கட்டம் இருக்கும். பல இடங்களில் அந்தக் கட்டத்தில் எழுதியதற்கு வெளியே ஒரு மில்லிமீட்டர் போனாலும் திருத்தம், மறு விண்ணப்பம், மறு கட்டணம். அதனால் என்ன வாங்கப் போகிறோம் என்பது விண்ணப்பிக்கும்போதே தெளிவாக இருக்க வேண்டும். இரண்டு பெயர் உள்ள போர் என்றால் இரண்டையும் எழுதுங்கள்: ".410, 36 என்றும் குறிக்கப்படும்". இந்த ஒரு வரியை நான் எழுதியிருந்தால் எனக்கு நான்கு மாதம் மிச்சம். கடைசியில் ஒரு துப்பாக்கிப் பட்டறைக்காரர் குழலை அளந்து, இரண்டும் ஒரே அளவு என்று கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்துக் கொடுத்த கடிதம்தான் காப்பாற்றியது.

வாங்கும்போது கேட்டு வாங்க வேண்டிய தாள்கள்: விற்பவரின் உரிமத்தின் நகல், விற்பனைப் பத்திரம் அல்லது ரசீது, சோதனைச் சான்று தனியாக இருந்தால் அது, பழுது பார்த்த ரசீதுகள். பழுது ரசீதுகளை யாரும் கேட்பதில்லை. கேளுங்கள். சேம்பரை (தோட்டா உட்காரும் அறையை) நீட்டியிருக்கிறார்களா, குழலை உள்ளே தேய்த்திருக்கிறார்களா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

சீரியல் எண்ணை மூன்று இடத்தில் பாருங்கள்: குழலின் அடிப்பகுதி, நடு உடல், முன்கட்டையின் (குழலுக்கு அடியில் கை பிடிக்கும் மரத்தின்) இரும்பு. மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். முன்கட்டை மட்டும் வேறு எண்ணாக இருந்தால் எங்கேயோ வேறு துப்பாக்கியிலிருந்து வந்து உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அது சுடுவதற்குக் குறையாக இல்லாமல் இருக்கலாம், பதிவுக்குக் குறைதான். எண்ணைப் போனில் படம் எடுத்து, தாளில் இருப்பதோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். 3-ம் 8-ம், 1-ம் 7-ம் தேய்ந்த இரும்பில் ஒன்றுபோலத் தெரியும்.

4. குழலைக் கழற்றி அடியில் படியுங்கள்

முன்கட்டையைக் கழற்றி, மேல் நெம்பைத் தள்ளிக் குழலை உடலிலிருந்து பிரித்துத் திருப்பினால், பின்வாய்க்கு அடியில் தட்டையாக இரண்டு பரப்பு தெரியும். துப்பாக்கியின் ஜாதகம் அங்கேதான் இருக்கிறது. மேலே செதுக்கியிருக்கும் பறவையும் பூவும் விலையை ஏற்றுவதற்கு. விற்பவர் கழற்ற விடமாட்டேன் என்றால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

மூன்று விஷயம் தேடுங்கள்.

முதலாவது சோதனை முத்திரை. லண்டன், பர்மிங்காம், லியேஜ், செயிண்ட் எத்தியேன், ஐபார், கார்தோனே, ஃபெர்லாக் என்று துப்பாக்கிக்குப் பேர்போன ஊர்களில் சோதனைச் சாலைகள் இருந்தன, பலவற்றில் இன்றும் இருக்கின்றன. வழக்கத்தைவிட அதிக அழுத்தத் தோட்டா போட்டுச் சுட்டுப் பார்த்து, தாங்கிய குழலில் முத்திரை அடிப்பார்கள். அந்த முத்திரை புகையில்லா வெடிமருந்துக்கா, பழைய கரிமருந்துக்கு மட்டுமா என்று பாருங்கள். இப்போது கடையில் கிடைக்கும் தோட்டா எல்லாம் புகையில்லா மருந்து. கரிமருந்துக்கு மட்டும் சோதித்த குழல் சுவரில் மாட்ட.

இரண்டாவது, சேம்பர் நீளம். சேம்பர் என்பது தோட்டா உட்காரும் அறை. மிமீ கணக்கில் 65, 70, 76 என்றோ அங்குலக் கணக்கில் 2½, 2¾, 3 என்றோ இருக்கும். .410-ல் 50 மிமீ சேம்பரும் உண்டு. பழைய ஐரோப்பியத் துப்பாக்கிகளில் 65 சர்வ சாதாரணம். நான் அடிபட்டது இதில்தான். கீழே ஏழாவதில் சொல்கிறேன்.

மூன்றாவது, அழுத்த அளவு. துப்பாக்கிச் சோதனைக்கு விதி வகுக்கும் சர்வதேச அமைப்பான சிஐபியின் விதிப்படி சோதித்த 20, 28 போர் குழல்களுக்குச் சாதாரண அளவு 830 பார் (அழுத்த அலகு), 12 போருக்கு 740. உயர் அழுத்தம் என்றால் 12-க்கும் 20-க்கும் 1050. குழலில் அல்லி மலர் மாதிரி ஒரு முத்திரை இருந்தால் உயர் அழுத்த இரும்புக் குண்டுத் தோட்டாவுக்கும் சோதித்திருக்கிறார்கள். பழைய சிறிய போர் இரட்டைக்குழலில் அது அநேகமாக இருக்காது.

எதுவும் புரியவில்லையா, எல்லா முத்திரையையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்து ஒரு நல்ல பட்டறைக்காரரிடம் காட்டுங்கள். அதற்கு அவர் கேட்கும் கூலிக்குப் பேரம் பேசாதீர்கள்.

5. கையில் எடுத்துச் சோதிப்பது

எடுத்ததும் திறந்து இரண்டு சேம்பரும் காலியா என்று பாருங்கள். விற்பவர் இப்போதுதான் பார்த்தேன் என்று சொன்னாலும் பாருங்கள். நல்ல விற்பனையாளர் அதற்குக் கோபிக்க மாட்டார்.

மூடியபின் மேல் நெம்பு எங்கே நிற்கிறது? நடுவுக்குச் சற்று வலப்பக்கம் நின்றால் இன்னும் தேய்மானத்துக்கு இடம் இருக்கிறது. நடுவைத் தாண்டி இடப்பக்கம் போயிருந்தால் பூட்டு தேய்ந்துவிட்டது. முன்கட்டையை மட்டும் கழற்றிவிட்டு, தோளில் வைக்கும் கட்டையின் கழுத்தைப் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். குழலும் உடலும் சேரும் இடத்தில் கடக் கடக் என்றால் ஆட்டம் இருக்கிறது. முன்கட்டை மாட்டியிருக்கும்போது அது ஆட்டத்தை மறைத்துவிடும், அதனால்தான் கழற்றச் சொல்கிறேன். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, மூடிய குழலுக்கும் பின்தட்டுக்கும் நடுவில் வெளிச்சக் கோடு தெரிகிறதா என்றும் பாருங்கள்.

குழலைத் தனியாக எடுத்து, அடிக்கொக்கியை ஒரு விரலில் தொங்கவிட்டு, மரத்துண்டால் லேசாகத் தட்டுங்கள். மணி மாதிரி நின்று ஒலிக்க வேண்டும். ஓட்டைப் பானை மாதிரி கேட்டால் இரண்டு குழலுக்கும் நடுவில் இருக்கும் பட்டை எங்கோ விட்டிருக்கிறது. அதைப் பிரித்து மறுபடி பற்றவைப்பது சின்ன வேலை இல்லை.

குழலுக்குள் பார்ப்பது ஒரு கலை. ஜன்னலின் மேல் விளிம்பை நோக்கிப் பிடித்தால் உள்ளே ஒரு நிழல் கோடு நீளமாக ஓடும். கோடு எங்காவது வளைந்தால் அங்கே நசுங்கல். வளையமாக ஒரு நிழல் சுற்றி நின்றால் அங்கே புடைத்திருக்கிறது, எப்போதோ அடைப்போடு சுட்டிருக்கிறார்கள். நசுங்கலை எடுத்துவிடலாம். புடைத்ததை நான் வாங்க மாட்டேன். .410-ல் குழல் ஒரு பென்சிலைவிடக் கொஞ்சம்தான் அகலம், வெறும் கண்ணுக்கு எதுவும் சரியாகத் தெரியாது, குழலின் சுவர்க் கனத்தை அளக்கும் கருவி வைத்திருப்பவரிடம் கொண்டுபோய்த்தான் ஆகவேண்டும்.

கட்டையில் கழுத்துப் பகுதியையும், இரும்பும் மரமும் சேரும் இடத்தையும் பாருங்கள். முடி மாதிரி விரிசல் அங்கேதான் தொடங்கும். திருகாணிகளின் வாய் சிதைந்திருந்தால் தெரியாத கை உள்ளே போயிருக்கிறது.

இரட்டை டிரிகர் என்றால் வழக்கமாக முன்னது வலக் குழல், பின்னது இடக் குழல். வலக் குழலின் சோக் தளர்வாகவும் இடக் குழலுடையது இறுக்கமாகவும் இருக்கும். பக்கத்தில் எழுந்தால் முன் விசை, தள்ளிப் போனால் பின் விசை. இழுத்துப் பார்க்கும்போது வெறும் குழலில் இழுக்காதீர்கள், ஊசி உடையும். போலித் தோட்டா இரண்டு கையோடு கொண்டு போங்கள்.

அப்புறம் ஒரு ஏமாற்று, ஏமாற்று என்று சொல்லக்கூடாது, ஆனால் வாங்குகிறவர் ஏமாறுவார். 28 போர் என்று சொல்லி 20 போரின் உடலில் 28 குழலை மாட்டியிருப்பார்கள். நல்ல துப்பாக்கிதான், ஆனால் எடை 20 போரின் எடை, சில சமயம் அதைவிடக் கூட. வெளியே அதே அளவு, உள்ளே துளை சிறிசு, அப்போது இரும்புதானே கூடுகிறது. நடந்து நடந்து சுட வாங்குகிறீர்கள் என்றால் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

6. செலவு எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது

ஈயம் குறைவு, மருந்து குறைவு, அதனால் தோட்டா மலிவு என்று நினைத்தேன். நேர்மாறு. 28-ம் .410-ம் குறைவாகத்தான் தயாராகின்றன, அதனால் 12 போர் தோட்டாவைவிட விலை அதிகம். 20 மட்டும் 12-க்கு அருகில் வரும். 16 போர் பக்கம் போனால் தோட்டா தேடுவதே தனி வேலை. துப்பாக்கி விலையும் அப்படித்தான், ஒரே பட்டறையில் ஒரே தரத்தில் செய்த 12-ஐவிட 28-க்குக் கூடுதல் கேட்பார்கள்.

கையில் இருக்கும் பணம் முழுவதையும் துப்பாக்கியில் போடாதீர்கள். கால் பங்கையாவது எடுத்து வையுங்கள். பட்டறைச் சோதனை, கட்டையை உங்கள் அளவுக்கு மாற்றுவது, பூட்டு அலமாரி, பதிவுக் கட்டணம், முதல் நான்கைந்து பெட்டித் தோட்டா, இவ்வளவும் அதிலிருந்துதான்.

கட்டை விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். ரைபிள் மாதிரி இதில் குறிமுள் பார்த்துச் சுடுவதில்லை, கண்தான் பின்குறி. கட்டை ஒரு விரல் நீளம் கூடினாலும் துணியில் மாட்டும். இடக்கைக்காரர்கள் முக்கியமாகக் கவனியுங்கள், கட்டைகள் பெரும்பாலும் வலப்பக்கம் சாய்த்துச் செய்தவை. எந்தக் கண் ஆளும் கண் என்பதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள்: தூரத்தில் ஒரு பொருளை இரண்டு கண்ணாலும் பார்த்து விரலால் சுட்டி, ஒரு கண்ணை மூடுங்கள். விரல் நகராமல் இருந்தால் திறந்திருக்கும் கண்தான் ஆள்கிறது.

நேரக் கணக்கு: வேட்டைக் காலம் தொடங்கும் முன் எல்லோரும் ஓடுவார்கள், விலையும் ஏறும், பட்டறைக்காரரும் போனை எடுக்க மாட்டார். காலம் முடிந்த மறு மாதம் போங்கள். சேம்பர் நீட்டியது தெரியவந்து மறு சோதனைக்கு அனுப்ப வேண்டுமென்றால் அது வாரக்கணக்கில் இழுக்கும், அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

7. தோட்டா: இங்கே தவறினால் திருத்த முடியாது

பெட்டியில் போட்டிருக்கும் 70 மிமீ என்பது சுட்ட பிறகு, வாய் விரிந்தபின் உள்ள நீளம். சுடாத தோட்டா மடிந்து குட்டையாக இருக்கும். அதனால் 70 தோட்டா 65 சேம்பரில் வெண்ணெய் மாதிரி உள்ளே போகும், துப்பாக்கியும் அழகாக மூடும். சுடும்போது மடிப்பு விரிய இடம் இல்லாமல், குழல் குறுகும் இடத்தில் போய் விரியும். வழி அடைபடும், அழுத்தம் ஏறும்.

என் .410-க்குச் சேம்பர் 65. நான் 76 மிமீ தோட்டா ஐந்து பெட்டி வாங்கினேன், பெரிசு நல்லது என்ற நினைப்பில். திடலில் ஒரு பெரியவர் நான் போடப் போனதைப் பார்த்து, "தம்பி, கொஞ்சம் இருங்க" என்று துப்பாக்கியை வாங்கி, கழற்றி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அடியில் படித்தார். ஒன்றும் பேசவில்லை. தோட்டாவை என் சட்டைப் பையில் திருப்பி வைத்துப் பையைத் தட்டிக் கொடுத்தார். மூடுகிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், குழலில் எழுதியதையும் பெட்டியில் எழுதியதையும் ஒப்பிட்டு வாங்குங்கள்.

அடுத்தது இதைவிட மோசமானது. வீட்டில் 12-ம் 20-ம் இருக்கிறதா? 20 தோட்டா 12 குழலில் வழுக்கிக்கொண்டு போய், சேம்பரைத் தாண்டி உள்ளே மாட்டி நிற்கும். திறந்து பார்த்தால் காலி மாதிரித் தெரியும். அதன் பின்னால் 12 தோட்டா போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும், முன்கட்டையைப் பிடித்திருக்கும் இடத்தில். 20 தோட்டாவை மஞ்சளாகச் செய்வது இந்த ஆபத்துக்காகத்தான். 28-ஐ 20-ல் போட்டாலும் இதே கதை. இரண்டு போர் தோட்டாவை ஒரே பையில், ஒரே சட்டையில், ஒரே காரில்கூட வைக்காதீர்கள்.

சுடும்போது சத்தம் வழக்கத்துக்கு மாறாக "பொசுக்" என்று வந்தால் அடுத்ததைப் போடக் கூடாது. குழல் வாயைப் பாதுகாப்பான பக்கம் வைத்து அரை நிமிடம் பொறுத்து, திறந்து, எல்லாத் தோட்டாவையும் எடுத்துவிட்டு, குழலைக் கழற்றி வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தோட்டாவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் அடைப்பான் குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். .410-ல் இது சின்னத் துளை, மாட்டுவதும் சுலபம், கண்ணுக்குத் தெரியாமல் போவதும் சுலபம்.

குண்டு எண்ணும் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்க 6 என்பது 2.8 மிமீ, பிரிட்டிஷ் 6 என்பது 2.6. அதனால் எண்ணைப் பார்க்காமல் மிமீயைப் பாருங்கள். சிறிய போரில் 2.3, 2.4 மிமீ குண்டுதான் என் தேர்வு. குண்டு பெரிசாகப் பெரிசாக எண்ணிக்கை குறையும், ஏற்கெனவே இருப்பதே கொஞ்சம்.

நீர்நிலைகளில் ஈயக் குண்டுக்குத் தடை உள்ள இடங்கள் பல, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 பிப்ரவரியிலிருந்து ஈரநிலங்களில் தடை. மாற்றாக இரும்புக் குண்டு என்பார்கள். பழைய மெல்லிய குழலுக்கும் இறுக்கமான சோக்குக்கும் அது ஆகாது. பிஸ்மத் மென்மையானது, ஒத்துக்கொள்ளும், விலைதான் கண்ணைக் கட்டும்.

8. முதல் நாளே காகிதத்தில் சுட்டுப் பாருங்கள்

பெரிய காகிதத்தை மாட்டி, ஒரு தடவை சுட்டு, குண்டு அதிகமாக விழுந்த இடத்தை மையமாக வைத்து 76 செமீ விட்டத்தில் வட்டம் போட்டு எண்ணுங்கள். எண்ணுவது அலுப்பான வேலை, வட்டத்தைக் கேக் மாதிரி நாலாகப் பிரித்து, எண்ணியதைப் பேனாவால் அடித்துக்கொண்டே போங்கள். முழுச் சோக் என்றால் 36.5 மீட்டரில் 70 சதவீதம், அரைச் சோக் 60, கால் சோக் 55, சோக்கே இல்லையென்றால் 40 உள்ளே விழ வேண்டும் என்பது ஏட்டுக் கணக்கு. ஆனால் .410-ஐ அந்தத் தூரத்தில் வைத்துச் சோதிப்பதில் பயன் இல்லை. நீங்கள் உண்மையில் சுடப்போகும் தூரத்தில், 20, 25 மீட்டரில் வைத்துப் பாருங்கள்.

சதவீதத்தைவிட ஓட்டையைத் தேடுங்கள். களிமண் தட்டின் விட்டம் 11 செமீ. அந்த அளவில் அட்டை வெட்டி வட்டத்துக்குள் இங்கும் அங்கும் வைத்து நகர்த்துங்கள். அட்டைக்கு அடியில் இரண்டு மூன்று குண்டாவது எங்கும் இருந்தால் அந்தத் தூரம் உங்களுடையது. அட்டை எங்கேயாவது ஒரு குண்டும் படாமல் உட்கார்ந்தால் இரண்டு மீட்டர் முன்னே வாருங்கள். எனக்கு வலக் குழல் 19 மீட்டர், இடது 24. இந்த இரண்டு எண்ணையும் தோட்டாப் பெட்டி மூடியில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

இரண்டு குழலும் ஒரே இடத்தில் அடிக்கிறதா என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். ஒன்று ஒரு முழம் தள்ளி அடித்தால் பட்டறைக்குத் திரும்ப வேண்டியதுதான். தோட்டாவை மாற்றிப் பார்த்துவிட்டுப் போங்கள், சில துப்பாக்கிகள் ஒரு எடைக்கு மட்டும்தான் ஒழுங்காகச் சேர்ந்து அடிக்கும்.

சுடும் திசையில் எவ்வளவு தூரம் காலியாக இருக்க வேண்டும்? சிறிய போர் என்பதால் குண்டு குறைவாகப் போகாது. 2.4 மிமீ ஈயக் குண்டு 190 மீட்டர் வரையும், 2.8 மிமீ 220 மீட்டர் வரையும் போய் விழும். 300 மீட்டர் ஆளில்லாத வெளி இல்லாத இடத்தில் நான் குழலை உயர்த்துவதில்லை.

9. வீட்டுக்கு வந்தபின்

சுட்ட அன்றே துடைத்துவிடுங்கள். சுத்தக் கம்பி, போருக்கு ஏற்ற வெண்கலப் பிரஷ், கரைப்பான், துணி, கடைசியில் மெல்லிய எண்ணெய். கம்பியும் பிரஷும் 12 போருக்கு உள்ளதே கடையில் கிடைக்கும், 28-க்கும் .410-க்கும் சொல்லி வரவழைக்க வேண்டும், துப்பாக்கி வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். பின்வாயிலிருந்து தள்ளி முன்வாயில் எடுங்கள். துடைத்த துணி முழுதாக வெளியே வந்ததா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள், .410-ல் துணித்துண்டு ஒன்று உள்ளே தங்கினால் மேலே சொன்ன அடைப்புதான். சுழலும் அச்சில் ஒரு பொட்டு கிரீஸ்.

எண்ணெய் வழிய நிமிர்த்தி வைத்தால் அது கீழே இறங்கிக் கட்டையில் ஊறி மரத்தைக் கறுப்பாக்கி மென்மையாக்கிவிடும். பழைய துப்பாக்கிகளின் கழுத்து ஒடிவதற்குப் பாதி காரணம் இது. ஒரு இரவு குழல் வாயைக் கீழே வைத்துச் சாய்த்துவிட்டு அப்புறம் அலமாரியில் வையுங்கள். தோட்டா வேறு பூட்டில், வேறு சாவியில்.

தாள்களை எல்லாம் ஒரே உறையில் போட்டு, குழலடி முத்திரைப் படங்களையும் அச்செடுத்துச் சேர்த்து வையுங்கள். என் உறையில் மேலாக இருப்பது அந்தப் பட்டறைக்காரர் கடிதம்தான். போன வருடம் உரிமம் புதுப்பிக்கப் போனபோது அதே அலுவலகத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். குழலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில் 36 என்று இருக்கிறதே" என்றார். அவர் நிமிர்வதற்குள் கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டேன். கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது.